கொற்கைக் கணக்கு – 14: அடகுக்குப் போன முத்து

போன வாரம் ரோம எழுத்தாளர் பிளினியின் புலம்பலில் நிறுத்தியிருந்தேன். இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் வருஷத்துக்குக் குறைந்தது 10 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை ரோமிடமிருந்து கறந்துவிடுகின்றன என்று அவர் எழுதிவைத்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ரோமச் சீமாட்டி லொல்லியா பாலினாவின் 4 கோடி செஸ்டர்ஸ் நகையும் நினைவிருக்கும். இந்த வாரம் வெள்ளிக்காசில் செம்பு ஏறிய கதை என்று சொல்லியிருந்தேன். அதற்குள் சூட்டோனியஸ் குறுக்கே வந்துவிட்டார். ஒரே ஒரு வாக்கியம். நாலைந்து நாளாக வேறு வேலை ஓடவில்லை.

சூட்டோனியஸ் பேரரசர் ஹேட்ரியன் அரண்மனையில் கடிதப் பிரிவுக்குச் செயலராக இருந்தவர். பன்னிரண்டு சீசர்களின் வாழ்க்கையை எழுதியவர். அதில் ஒன்பதாவது சீசர் விட்டெலியஸ். நீரோ செத்து, கிழவர் கால்பா ஆட்சிக்கு வந்திருந்த கி.பி. 68ஆம் ஆண்டின் கடைசியில், விட்டெலியஸுக்கு ரைன் நதிக்கரைப் படையின் தலைமை கிடைக்கிறது. சாப்பாட்டு ராமன், இவனால் ஆபத்து வராது என்று நினைத்தே கால்பா அவனை அனுப்பினாராம். பதவி கிடைத்துவிட்டது, போய்ச் சேரக் கையில் காசில்லை. கடன்காரர்கள் வழி மறிக்கிறார்கள். குடியிருந்த வீட்டை வாடகைக்கு விட்டு, பெண்டாட்டி பிள்ளைகளை ஒரு வாடகை மாடியறையில் குடிவைக்கிறான். அதுவும் போதாமல், தன் தாயின் காதில் கிடந்த முத்தைக் கழற்றி அடகு வைத்து வழிச்செலவுக்குப் பணம் புரட்டுகிறான்.

அந்தப் பணத்தில் கொலோன் போய்ச் சேர்ந்தவனைத்தான், 69ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி, படைவீரர்கள் பேரரசன் என்று அறிவித்தார்கள்.

அந்த முத்து எந்தக் கடலில் எடுத்தது என்று சூட்டோனியஸ் எழுதவில்லை. அன்று ரோமுக்குப் பெரிய முத்து வந்த வழிகள் இரண்டு: ஒன்று பாரசீக வளைகுடா, மற்றது நம் மன்னார் வளைகுடா. பாண்டியனுடைய கொற்கையில் தண்டனைக் கைதிகள் முத்துக்குளிக்கிறார்கள் என்று செங்கடல் பயண நூலை எழுதிய கிரேக்க வணிகன் குறித்து வைத்தது இதே முதல் நூற்றாண்டில்தான். காலில் கல் கட்டி இறங்கி, மூச்சு முட்டச் சிப்பியை வாரி, அவை அழுகும் வரை காத்திருந்து, நாற்றத்துக்குள் கையை விட்டுத் துழாவிப் பொறுக்கும் வேலை அது. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த கடைசி முத்துக்குளிப்புச் சலாபங்கள் வரையிலும் முறை பெரிதாக மாறவில்லை. எடுத்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைத் தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுச் சலிப்பார்கள். பெரிய துளைத் தட்டிலேயே தங்குவது முதல் தரம். அதில் உருண்டை பிசகாமல், ஒளி கெடாமல் இருந்தால் ஆணிமுத்து. கடைசித் தட்டிலும் நிற்காமல் உதிர்வது தூள். ஒரு படைத்தலைவனின் பயணச் செலவுக்கு ஈடாக வாங்கிக்கொண்டார்கள் என்றால் செக்ஸ்டிலியாவின் காதில் கிடந்தது தூளாக இருந்திருக்காது.

செக்ஸ்டிலியா, அந்தத் தாயின் பெயர். பழைய காலத்துக் கண்டிப்பு உள்ளவள் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். மகன் தனக்கு ‘ஜெர்மானிக்கஸ்’ என்ற பட்டத்தைச் சேர்த்துக்கொண்டு எழுதிய முதல் கடிதம் வந்தபோது, தான் பெற்றது விட்டெலியஸைத்தானே தவிர ஜெர்மானிக்கஸை அல்ல என்றாளாம். ரோமுக்குள் வெற்றியோடு நுழைந்தவன் அவளுக்கு ‘அகஸ்டா’ பட்டம் சூட்டினான். காது முத்தை மீட்டுக் கொடுத்தானா என்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இதைப் படித்ததும் ஏரலில் அடகுக்கடை வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் போய்ச் சொன்னேன். அவர்கள் கடை மூன்று தலைமுறைக் கடை. கொழும்புக்குக் கடை வேலைக்குக் கிளம்பின பையன்கள் அம்மாவின் பாம்படத்தை வைத்துத்தான் கப்பல் ஏறினார்கள் என்று அவருடைய தாத்தா சொல்வாராம்.

“மீட்க வந்தாங்களா அண்ணாச்சி?”

“வராம? வட்டியும் முதலுமா கொண்டாந்து மீட்டவங்கதான் சாஸ்தி. பெத்தவ மூளிக் காதோட நிக்கத எவன் பாத்துக்கிட்டு இருப்பான்?”

ரோமில் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

முத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை என்று நினைக்க வேண்டாம். ரோமின் பணத்தை அரித்தது எது என்ற தொடரின் கேள்விக்கு இதைவிட நேரான வழி எனக்கு அகப்படவில்லை. ரோமின் தங்கமெல்லாம் கொற்கை முத்துக்கும் முசிறி மிளகுக்கும் போய்த்தான் அந்தப் பேரரசு காய்ந்து விழுந்தது என்று நம்மூர் மேடைகளில் பெருமையாகச் சொல்வார்கள். கேட்க இனிக்கிறது. கணக்கு இடிக்கிறது.

விட்டெலியஸ் ஆண்டது 12 மாதம் கூட இல்லை. அந்தச் சில மாதங்களில் அவன் விருந்துக்கும் வீண் ஆடம்பரத்துக்கும் அழித்தது 90 கோடி செஸ்டர்ஸ் என்று நம்பப்பட்டதாக டாசிட்டஸ் எழுதுகிறார். மயில் மூளை, பூநாரை நாக்கு, விலாங்கு போன்ற மீனின் விந்துப்பை, பார்த்தியாவிலிருந்து ஸ்பெயின் ஜலசந்தி வரை கப்பல் அனுப்பித் தருவித்த பண்டங்கள் எல்லாவற்றையும் ஒரே பெருந்தட்டில் கலந்து வைத்தானாம். பிளினி கணக்குப்படி கிழக்கு நாடுகள் மூன்றும் சேர்ந்து ரோமிடம் வாங்கியது வருஷத்துக்கு 10 கோடி. ஒன்பது வருஷக் கீழைக்கடல் வணிகத்தை ஒரு மனிதன் ஒரு வருஷத்துக்குள் தின்று தீர்த்திருக்கிறான்! பிளினியோ குற்றத்தைப் பெண்களின் காதில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த 10 கோடியும் முழுக்க நட்டம் அல்ல. வியன்னாவில் இருக்கும் முசிறிப் பாப்பிரஸை, அந்தக் கடல் வணிக ஒப்பந்தச் சுவடியை, இந்தத் தொடரின் வாசகர்கள் அறிவார்கள். ஹெர்மாபோலன் என்ற ஒரு கப்பலின் சரக்கு, சுங்கம் போக, ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ். சுங்கம் நாலில் ஒன்று. ஆக, ஒரு கப்பல் கரை சேர்ந்தால் அரசுக்கு 20 லட்சத்துக்கு மேல். பேரரசர் டொமிஷியன் காலத்துச் சம்பளப்படி ஒரு காலாட்படை வீரனுக்கு வருஷத்துக்கு 1,200 செஸ்டர்ஸ். ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் ஒரு வருஷச் சம்பளத்தை நம் பக்கத்திலிருந்து போன கப்பல் ஒன்று கட்டிவிட்டுப் போயிருக்கிறது. அகஸ்டஸ் காலத்திலேயே செங்கடல் துறையிலிருந்து வருஷத்துக்கு 120 கப்பல் இந்தியாவுக்குப் போனதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ சொல்கிறார். கிழக்கு வணிகம் ரோமின் பணத்தை வெளியே கொண்டுபோனது உண்மை. அதே வணிகம் ரோமின் கஜானாவை நிரப்பியதும் உண்மை.

அப்படியானால் எது அரித்தது? 69ஆம் வருஷம்தான் என் விடை. கால்பா, ஓத்தோ, விட்டெலியஸ், வெஸ்பாசியன் என்று ஒரே ஆண்டில் நான்கு பேரரசர்கள். பேரரசனை ரோமுக்கு வெளியிலும் உண்டாக்கலாம் என்ற ரகசியம் நீரோ செத்ததோடு அம்பலமாகிவிட்டது என்கிறார் டாசிட்டஸ். ரைன் கரையில் ஒரு படை, சிரியாவில் ஒரு படை, டான்யூப் கரையில் ஒரு படை. யாருக்குக் கத்தி அதிகமோ அவர்கள் ஆள் அரியணையில். கால்பா ஏன் செத்தார்? அவர் பெயரைச் சொல்லி வாக்களித்த வெகுமதியைக் காவற்படைக்குக் கொடுக்க மறுத்தார். அதை அவருக்குப் பின் வந்தவர்கள் ஒருவரும் மறக்கவில்லை. ஒவ்வொரு புது அரசனும் படைக்குக் கொடுத்தாக வேண்டும். போன அரசன் கொடுத்ததைவிடக் கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும். வெளியே எதிரி இல்லாத காலத்திலும் இந்தச் செலவு நிற்காது. வருமானம் அப்படியே இருக்க, செலவு மட்டும் ஏறினால், கைவைக்க மிச்சமிருப்பது நாணயச்சாலைதான்.

நாணயச்சாலை என்றதும் கொற்கைக்கு வந்துவிடுகிறேன். ஏரலிலிருந்து திரும்பும் வழியில் அக்கசாலை ஈசுவரமுடையார் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தேன். அக்கசாலை பொன்வேலையும் காசு அடிப்பும் நடக்கும் இடம். சுற்றிலும் இப்போது வாழையும் வயலும். கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தைக் காயலுக்குத் தள்ளி, பிறகு அதையும் தூர்த்தது. கால்டுவெல் பாதிரியார் பழைய கொற்கை இதுதான் என்று அடையாளம் காட்டி, இங்கே தோண்டிப் பார்க்கும்போதும் அது வயல்காட்டு ஊர்தான்.

பொன்னையும் வெள்ளியையும் கையில் தேய்த்தே எடைபோடுகிறவர்கள் இருந்த கரை இது. ரோமக் காசை அவர்கள் அரசனின் முகத்துக்காக வாங்கவில்லை. தமிழ்நாட்டில் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளில் பெரும்பகுதி அகஸ்டஸ், திபேரியஸ் இருவருடையவை. நீரோ 64இல் வெள்ளியைக் குறைத்து அடித்த காசு இங்கே அருமை. வெள்ளி குறைந்ததை ரோமக் குடிமகன் உணரும் முன்பே நம் வணிகன் உரசிப் பார்த்து ஒதுக்கியிருக்கிறான். 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் கிடைத்த புதையலில் 501 பொற்காசுகள். அகஸ்டஸில் தொடங்கி வெஸ்பாசியனில், அதாவது நம் 69ஆம் வருஷத்து வெற்றியாளரில், முடிகிறது. பெரும்பாலான காசுகளில் அரசனின் தலைக்குக் குறுக்கே ஆழமாக ஓர் உளிவெட்டு. இனி இது காசல்ல, வெறும் தங்கம் என்று ஒதுக்கிய வெட்டு அது என்பது ஒரு விளக்கம். எனக்கு அதுவே சரியென்று படுகிறது.

செம்புக் கதைக்கு இடம் போதவில்லை. 193ஆம் ஆண்டு ரோமின் காவற்படை அரியணையையே ஏலம் விட்டது. வீரன் ஒருவனுக்கு 25,000 செஸ்டர்ஸ் என்ற கேள்விக்கு அது படிந்தது. ஏலம் எடுத்தவனைத் தள்ளிவிட்டு வந்த பேரரசர் செவெரஸ் வெள்ளிக்காசில் பாதி செம்பைக் கலந்தார். அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்கி, மதுரையிலும் கரூரிலும் ஆற்றுமணலில் அள்ளிய கடைசி ரோமச் செப்புக்காசுகள் வரை போகலாம். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைப் பற்றி 1994இல் எழுதிய நூலை மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன்.

(தொடரும்)