உங்களுக்குத் தெரியுமா? ரப்பருக்குள் ஒரு சூட்சுமம்

1983-இல் ஜெர்மனியில் வெளிவந்த இரண்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில், பின் அச்சை வண்டிக்கூட்டோடு பிணைக்கும் இரண்டு ரப்பர் புஷ்களும் வெறுமனே அதிர்வைத் தாங்குபவை அல்ல. வளைவில் வண்டி திரும்புகையில், பக்கவாட்டு விசையினால் பின் அச்சு திசை பிறழ்ந்துவிடாதபடி தடுக்கும் சூட்சுமமும் அவற்றின் விசேஷ வடிவத்திலேயே அடங்கியிருக்கிறது. ஆகையால் தேய்ந்ததை நீக்கிப் புதியதை அழுத்திப் பொருத்துகையில் அதன் திசை மாறிவிட்டால் அந்தப் பிரயோஜனம் வீணாகும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. இந்த ரப்பர் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது; எனவே சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே புஷ்ஷைப் பிணைக்கும் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கிய கணம் முதல் ரப்பர் ஓயாமல் முறுகி நின்று அற்பாயுளில் கிழிந்துபோகும். பாரம் முழுவதும் சக்கரங்களின்மேல் வந்த பிறகே கடைசி முடுக்கு. முதுகு நோகும் வேலைதான்.