மோதிய காரின் இன்சூரன்ஸ் எப்போது பணம் தரும்?

டீ ஆறுவதற்குள் முடிகிற விஷயமில்லை, நிதானமாகவே பேசுவோம். பைக்கில் போனவரைக் கார் ஒன்று இடித்துவிட்டது. தொடை எலும்பு முறிவு, ராடு வைக்க வேண்டும் என்கிறார்கள். கவுன்ட்டரில் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கூட வந்தவர், "கார்க்காரருக்கு இன்சூரன்ஸ் இருக்கு, அவங்க பாத்துப்பாங்க" என்கிறார். பார்த்துக்கொள்வார்கள், ஆனால் இன்றைக்கு இல்லை. மோதிய வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி பொதுவாக ஆஸ்பத்திரி பில்லை நேராகக் கட்டாது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டு உத்தரவு வந்த பிறகுதான் பணம். அதற்குச் சில வருடங்கள்கூட ஆகலாம். இந்த இடைவெளியில்தான் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகிறது.

முதல் இரண்டு நாளுக்குத் தமிழ்நாட்டில் வழி இருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. ஒரு லட்சமாக இருந்த வரம்பு பிறகு இரண்டு லட்சமாக உயர்ந்தது. வருமானம் கேட்பதில்லை; வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை 108 ஆம்புலன்ஸிலேயே கேட்டுவிடுங்கள்.

நாடு முழுமைக்குமான திட்டம் 2025 மே மாதம் வந்தது. ஏழு நாள், ஒன்றரை லட்சம் வரை. சட்டத்தில் எழுதிவைத்தும் கிடப்பில் கிடந்த இதை, ஒரு பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசைக் கண்டித்துக் கொண்டுவர வைத்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன். அந்த மனுஷருக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அதற்குப் பிறகு? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, இல்லையென்றால் சொந்த மெடிக்ளைம். பைக் பாலிசியில் 15 லட்சம் என்று ஒரு வரி இருக்குமே, அதை நம்பி உட்காராதீர்கள். அது உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு ரூபாய் வராது.

இப்போது நான் ரொம்பக் கவலைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். காயம்பட்டவரைக் கொண்டுபோனதும் டியூட்டி டாக்டர் "என்ன ஆச்சு?" என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்பது இதன் நகல்தான். பதற்றத்தில் யாரோ "வண்டில இருந்து விழுந்துட்டாரு" என்று சொல்லிவிடுவார். டாக்டரும் அப்படியே எழுதிக்கொள்வார். பின்னால் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, "தானாக விழுந்தவருக்கு நாங்கள் ஏன் தர வேண்டும்?" என்று வாதாடுவார். எஃப்.ஐ.ஆர். தாமதமாகப் போட்டிருந்தால் அவர் கை இன்னும் ஓங்கும். "கார் இடித்தது" என்று சொல்லுங்கள். நம்பர் தெரிந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

பில் விஷயமும் இப்படித்தான். மருந்துக் கடை ரசீதில் நோயாளி பெயர் இருக்கட்டும். மெடிக்ளைமுக்கு ஒரிஜினலைக் கொடுக்குமுன் ஆஸ்பத்திரி சீல் வைத்த நகல் வாங்கிவையுங்கள். மருந்துச் செலவோடு, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வண்டிச் செலவு, துணைக்கு இருந்தவருக்கான செலவு, சத்துணவு, இழந்த சம்பளம், வலி, ஊனம் எல்லாவற்றுக்கும் தீர்ப்பாயத்தில் கேட்கலாம்.

இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு இரண்டு லட்சம் அரசுத் திட்டத்தில் உண்டு.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே இலவச வக்கீல் கிடைப்பார். கட்டிலோரம் வந்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கிறவருக்கு மட்டும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது சட்டம். கட்டுப் பிரிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் சார்பில் வீட்டில் ஒருவருக்கு அதிகாரம் கொடுத்தும் மனு போடலாம்.