சிறுகோளின் மேனியைக் காட்டும் முனைவாக்கம்

திகனப் பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் நின்று, போலரொய்ட் கண்ணாடியைக் கண்முன் பிடித்து மெல்லத் திருப்பினால், நீர்மேல் கண்ணைக் கூசவைக்கும் பளபளப்பு ஒரு நிலையில் அடங்கிவிடும்; மேலும் திருப்பினால் மீண்டும் எழும். நீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வதுதான் காரணம். இந்த முனைவாக்கம் கல்லிலும் தூசியிலும் தெறிக்கும் ஒளியிலும் உண்டு. கோடிக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சிறுகோளின் மேற்பரப்பு எப்படிப்பட்டது என்று கேட்டால், பிரகாசத்தைவிட இதுவே நம்பத்தக்க சாட்சி என்பேன்.

தொலைகாட்டியில் சிறுகோள் வெறும் ஒளிப்புள்ளி. சின்ன வெளிர்கல்லும் பெரிய கருங்கல்லும் ஒரே அளவு மின்னக்கூடும். மதராஸ் வானாய்வகத்தில் நோர்மன் பொக்சன் 1861இல் கண்டுபிடித்த ‘ஏசியா’ ஏறத்தாழ 60 கி.மீ. அகலமே, ஆனால் தன்மேல் விழும் வெயிலில் கால்வாசியைத் திருப்பி அனுப்புகிறது. அங்கேயே 1866இல் அவர் கண்ட ‘சில்வியா’ 250 கி.மீ.க்கு மேல், இருபதில் ஒரு பங்கு ஒளிகூட அதிலிருந்து திரும்புவதில்லை. வெளிர்ந்த தூசிக்குள் ஒளி ஒரு தூசிமணியிலிருந்து இன்னொன்றுக்குப் பலமுறை மோதி வெளிவருவதால் அதிர்வுகள் கலந்து முனைவாக்கம் கரைந்துபோகும். இருண்ட தூசி உள்ளே புகுந்ததை விழுங்கிவிடும். ஒருமுறை தெறித்ததே மிஞ்சும், அதில் முனைவாக்கம் ஓங்கியிருக்கும். அளப்பது ஒரு விகிதம் என்பதால் சிறுகோளின் பருமன் கணக்கில் குறுக்கிடாது. பூமிக்கு அருகே வரும் அபோபிஸ், வெயிலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தெறிக்கிறது என்று 2007இல் இம்முறையால்தான் கணித்தார்கள். பின்னர் வந்த ரேடார் அளவீடும் அதற்கு நெருங்கியே நின்றது.

முனைவாக்கம் கனிமத்தின் பெயரைச் சொல்லாதே, அதற்கு நிறமாலைதானே வேண்டும் என்பார்கள். உண்மைதான். தூசிமணியின் பருமனும் முடிவை மாற்றும். ஆனால் முனைவாக்கமும் நிறமாலையும் சேரும்போது கிடைக்கும் பலம் தனி. சூரியனுக்கும் பூமிக்கும் இடையே சிறுகோளில் அமையும் கோணம் ஏறத்தாழ 20 பாகைக்குக் கீழே போனால், முனைவாக்கத்தின் திசையே புரண்டுவிடும். ‘பார்பரா’ என்ற சிறுகோளில் இந்தப் புரள்வு 28 பாகையை ஒட்டி நிகழ்வதை 2006இல் கண்டு வியந்தார்கள். அதே விசித்திரம் ‘அக்விடானியா’விலும் உண்டு, அதன் நிறமாலையோ ஸ்பைனலைக் காட்டுகிறது. நம் மாணிக்க வியாபாரிகள் நன்கறிந்த அதே கனிமம், சூரியக் குடும்பம் உருவான தொடக்கக் காலத்துத் துணுக்குகளிலும் இருக்கிறது.

பிரதான பட்டையிலுள்ள சிறுகோள்களைப் பூமியிலிருந்து 30 பாகையளவுக்கு மேற்பட்ட கோணத்தில் காணமுடியாது என்பதே மெய்யான குறை. அபோபிஸுக்கு அந்தத் தடை இல்லை. 2029 சித்திரைப் புத்தாண்டை ஒட்டி அது சுமார் 32,000 கி.மீ. தூரத்தில் கடக்கும்போது, கோணம் வேகமாக மாறும். சில நாட்களுக்குள்ளேயே பல கோணங்களில் அளந்துவிடலாம்.