பழையது மடிக்கணினியா, அதன் ஒரு பாகமா?

அக்கா பயன்படுத்திவிட்டு எனக்குத் தந்த மடிக்கணினிக்கு எட்டு வயது. புதியது வாங்கக் காசு சேர்ப்பதற்கு முன், அதில் எந்தப் பாகம் தளர்ந்திருக்கிறது என்று பார்த்தேன்.

முதலில் தூசி. காற்றாடியில் தூசி அடைத்தால் சூடு வெளியேறாது; அப்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கணினியை அணைத்து, பின்மூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு மென்மையான தூரிகையால் தூசியை அகற்றினேன்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். தட்டு சுழன்று தகவலைத் தேடும் பழைய வகை அது. கோப்புகளை நகலெடுத்துவிட்டு, அதன் இடத்தில் எஸ்எஸ்டி பொருத்தினேன். கணினி இப்போது சில நொடிகளில் தயாராகிறது. இந்த இரண்டுக்கும் தேவைப்பட்டது சிறிய திருப்புளியும் ஒரு மாலைப் பொழுதும்தான்.

ஆனால், பேட்டரி உப்பியிருந்தால் நீங்களே கைவைக்காதீர்கள். டச்பேட் மேலெழும்புவது அதன் அறிகுறி. லித்தியம் பேட்டரியைக் குத்தினாலோ வளைத்தாலோ தீப்பிடிக்கலாம். மின்னூட்டுவதை உடனே நிறுத்திவிட்டு, பழுதுபார்க்கும் கடையின் உதவியை நாடுங்கள்.

தனியாகத் திறக்கத் தயக்கமா? சிங்கப்பூரில் 2014இல் தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ முயற்சியில், பொருள்களைப் பழுதுபார்க்கத் தொண்டூழியர்கள் கற்றுத்தருகிறார்கள். ஒருமுறை கற்றுக்கொண்டால் அடுத்த மடிக்கணினிக்கும் அது கைகொடுக்கும்.