மட்டிமேட்டின் பெயர்

பினாங்கின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையில், மூடா ஆற்றுக்கு அண்மையில் குவார் கெப்பா என்னும் சிற்றூர் உள்ளது. வடபுல மலாய் வழக்கில் ‘குவார்’ என்பது மேடு. ‘கெப்பா’ என்பது மட்டி. மட்டிமேடு என நாம் பெயர்த்துக்கொள்ளலாம். ஆயினும் பழைய மேடுகளை அங்கு இன்று காண்பதற்கில்லை. சுண்ணாம்பு சுடுவதற்காக அவற்றை வெட்டி வாரிவிட்டனர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் விண்ட்சர் ஏர்ல் அவற்றைப் பற்றி எழுதிய காலத்திலேயே அழிவு தொடங்கிவிட்டது. (கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசிய சுவர்களைக் கண்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று.)

தின்று எறிந்த ஓடுகளின் குவியலே அம்மக்களுக்கு இடுகாடுமாயிற்று. ஓடுகளின் சுண்ணச்சத்து எலும்புகளை மட்காமற் காத்தது. முன்னர் அகழ்ந்தெடுத்த எலும்புகள் பல நெதர்லாந்தின் லைடன் நகருக்குச் சென்றன. 2017இல், காட்சிக்கூடம் எழுப்பும் பணியின்போது ஓர் எலும்புக்கூடு வெளிப்பட்டது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தொல்லியலார் அதனை ஆய்ந்தனர். ‘பினாங்குப் பெண்’ எனப்படும் அவர் ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். மட்பாண்டமும் கற்கருவியும் சிப்பியும் உடன் கிடைத்தன.

அவர் பேசிய மொழி யாது? மாணவர் முதலில் கேட்பது இதனையே. எழுத்துப் பொறித்த ஓடு கிடைத்தாலன்றி மண் மொழியைக் காட்டாது. எலும்போ ஒருபோதும் காட்டாது. ஊர்ப்பெயரும் இங்கு உதவாது. அப்பெயரை இட்டோர் அவருக்கு நெடுங்காலம் பின்வந்து, மேட்டைக் கண்டு, கண்டதைச் சொன்னவர்கள். அவர்கள் கண்ட மேடு இன்றில்லை. சொன்ன சொல் இருக்கிறது.