வட்டி விகிதம் யாருடையது?

ஜாவா படிக்கத் தொடங்குபவர் எழுதும் முதல் புரோகிராமிலேயே ‘பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்டு மெயின்’ என்ற வரி வந்து நிற்கும். ‘இப்போதைக்கு அப்படியே எழுதுங்கள், பிறகு புரியும்’ என்று பாடம் நகர்ந்துவிடும். பலருக்கு அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. ‘ஸ்டாட்டிக்’ செய்யும் வேலையோ அவ்வளவு கடினமானதல்ல.

வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ‘சேமிப்புக்கணக்கு’ என்று ஒரு கிளாஸ். அதிலிருந்து வாடிக்கையாளருக்கு ஒன்றாக ஆப்ஜெக்ட்கள் உருவாகின்றன. இருப்புத் தொகை ஆளுக்கு ஆள் மாறும். அது அந்தந்த ஆப்ஜெக்ட்டுக்குள் இருக்க வேண்டும். வட்டி விகிதம் எல்லோருக்கும் ஒன்றே. அதை லட்சம் கணக்குகளிலும் தனித்தனியாக எழுதிவைத்தால், விகிதம் மாறும் நாளில் லட்சம் இடங்களில் திருத்த வேண்டும். ஒரே பிரதியாகக் கிளாஸிடமே வைத்துவிட்டால் ஒரு வரித் திருத்தம் போதும். இதுதான் கிளாஸ் வேரியபிள். ஜாவாவில் அதை ‘ஸ்டாட்டிக்’ என்று குறிக்கிறோம்.

ஸ்டாட்டிக் மெத்தட்டும் இப்படிக் கிளாஸுக்கே சொந்தமானது. ஆப்ஜெக்ட் எதுவும் இல்லாமலே அதை அழைக்கலாம். 25-இன் வர்க்கமூலம் 5 என்பது யார் கேட்டாலும் மாறாது. எனவே ஜாவாவின் ‘மேத்’ கிளாஸில் வர்க்கமூலம் காணும் மெத்தட் ஸ்டாட்டிக். புரோகிராம் தொடங்கும் நொடியில் ஆப்ஜெக்ட் ஏதும் உருவாகியிருக்காது என்பதால்தான் மெயினும் அப்படி இருந்தது. 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25 இந்தக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டது. ஆனால் ஸ்டாட்டிக் மெத்தட்டுக்குள் நின்றுகொண்டு வெறுமனே ‘இருப்பு’ என்று எழுதினால் கம்பைலர் இன்றும் ஏற்காது. யாருடைய இருப்பு என்று அதற்குத் தெரியாதே!

பைத்தானில் சிக்கல் வேறு விதமாக வரும். அங்கே தவறு நடந்தாலும் எச்சரிக்கை எதுவும் வராது. பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், கிளாஸில் ‘எண்ணிக்கை = 0’ என்று எழுதுவோம். கணக்கு திறக்கும்போதெல்லாம், அந்த ஆப்ஜெக்ட்டையே குறிக்கும் ‘செல்ஃப்’ வழியாக எண்ணிக்கையில் 1 கூட்டுவோம். மூன்று கணக்குகள் திறந்தபின் கிளாஸின் எண்ணிக்கையைப் பார்த்தால் 0 என்றே இருக்கும். ஒவ்வொரு கணக்கும் தன்னிடம் 1 இருப்பதாகச் சொல்லும். காரணம் இதுதான்: மதிப்பைப் படிக்கும்போது ஆப்ஜெக்ட்டில் அந்தப் பெயர் இல்லாததால் பைத்தான் கிளாஸில் போய்த் தேடுகிறது, எழுதும்போது தேடாமல் ஆப்ஜெக்ட்டிலேயே புதிதாக எழுதிவிடுகிறது. ‘செல்ஃப்’ இருந்த இடத்தில் ‘சேமிப்புக்கணக்கு’ என்று கிளாஸின் பெயரைப் போட்டால் எண்ணிக்கை சரியாக 3 வரும்.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் ஆபத்தானது. ‘பரிவர்த்தனைகள்’ என்ற வெற்று லிஸ்டைக் கிளாஸில் வைத்துவிட்டு, ‘செல்ஃப்’ வழியாக அதில் ‘அப்பெண்ட்’ செய்தால் புதிய லிஸ்ட் எதுவும் பிறக்காது. இருக்கிற ஒரே லிஸ்ட்தான் நீளும். ஒருவர் போட்ட 500 ரூபாய் அத்தனை பேர் பாஸ்புக்கிலும் தெரியும். ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் ‘இனிட்’ மெத்தட்டுக்குள் லிஸ்டைத் தொடங்குவதே இதற்குத் தீர்வு.

ஒரே பிரதி என்பதில் இன்னொரு கவனமும் தேவை. ஜாவாவில் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு திரெட்கள் ஒரே ஸ்டாட்டிக் எண்ணிக்கையைக் கூட்டும்போது, இரண்டுமே 7 என்று படித்து இரண்டுமே 8 என்று எழுதிவிடலாம். திறந்தவை இரண்டு கணக்குகள், கூடியதோ ஒன்று. இதைத் தவிர்க்க, 2004-இல் வந்த ஜாவா 5 முதல் ‘அட்டாமிக்இன்டீஜர்’ கிளாஸ் இருக்கிறது. படிப்பது, கூட்டுவது, எழுதுவது மூன்றையும் இடையில் வேறு திரெட் புகமுடியாதபடி ஒரே வீச்சில் அது முடித்துவிடும்.