மூச்சு விடும் பறவைநாகம்



மலைநாட்டுத் தோட்டங்களில் வளர்ந்தோர்க்குத் தேயிலைப் பெட்டியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஒட்டுப்பலகையால் அடித்து, விளிம்புகளுக்குத் தகரப் பட்டை இட்டு, உள்ளே உலோகத்தாள் பதித்த பெட்டி அது. இலங்கைத் தேயிலை அதனுள் அடைபட்டே கடல் கடந்த காலம் ஒன்று இருந்தது. கப்பலேறாது தங்கிவிட்ட பெட்டிகள் லயத்து அறைகளிலே உடுப்புப் பேழையாகவும் மேசையாகவும் உழைத்தன. பின்னர்த் தேயிலை கடதாசிச் சாக்குகளுக்கு மாறிற்று. பெட்டி அடித்த கைகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

அத்தகைய பழம்பெட்டி ஒன்றினுள் இன்று ஒரு கணினி இயங்குகின்றது. அதன் முகப்பில் பறவைநாகம் ஒன்று வாய் பிளந்து நிற்கின்றது. பிள்ளைகள் அதனை டிராகன் என்பர். இறம்பொடையில் அதிபராகப் பணியாற்றும் யான், என் மாணாக்கன் ஒருவன் அதனைக் கையாற் செய்து முடித்த வகையை இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

கணினிக்குப் பெட்டி எதற்கு என்று முதலிற் கேட்போம். கணினியின் உயிர் பெட்டியில் இல்லை. தாய்ப்பலகை, செயலி, நினைவகம் முதலிய உறுப்புகளிலேயே உள்ளது. பெட்டியானது அவற்றைத் தாங்குகின்றது; தூசியினின்றும் காக்கின்றது; காற்றை வழிப்படுத்துகின்றது. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டீவ் வொஸ்னியாக், ஸ்டீவ் ஜொப்ஸ் என்னும் இளைஞர் இருவர் தம் முதற் கணினியாகிய அப்பிள் 1ஐ விற்றபோது, அதனைப் பெட்டி இன்றி வெறும் பலகையாகவே விற்றனர். வாங்கியோருட் சிலர் தாமே மரத்தால் கூடு செய்துகொண்டனர். ஆகவே, கைவினைக் கூடு என்பது இன்றைய விளையாட்டன்று; கணினி வீட்டுக்கு வந்த நாள்தொட்டே உடன் வந்த வழக்கமாகும்.

1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். என்னும் அளவுத்திட்டத்தை வகுத்தது. அதன்படி முழு அளவுத் தாய்ப்பலகை 305 மில்லிமீற்றர் நீளமும் 244 மில்லிமீற்றர் அகலமும் உடையது. திருகாணித் துளைகள் எங்கெங்கே அமைய வேண்டும் என்பதும் வரையறை செய்யப்பட்டுள்ளது. அளவுகோல் பிடிக்கத் தெரிந்த எந்தத் தச்சனும் அதற்கு இல்லம் அமைத்தல் கூடும்.

இனி எம் மாணாக்கன் செய்தது. பாடசாலைக் கணினி ஒன்றின் தகரக்கூடு மலைநாட்டு ஈரத்தினால் துருவேறிச் சிதைந்தது. உள்ளுறுப்புகள் மட்டும் நன்றாய் இருந்தன. தரம் 11இற் பயின்ற அப்பையன், படிப்பை நிறுத்திக் கொழும்புக் கடையொன்றுக்கு வேலைக்குப் போக எண்ணியிருந்தான். “போகுமுன் இதற்கொரு கூடு செய்து தருகின்றேன், சேர்” என்றான். அவன் பாட்டனார் தொழிற்சாலையிற் பெட்டி அடித்தவர். பேரனுக்கு ஒரு பெட்டியும் கொடுத்து, தகரப் பட்டையை விரல் வெட்டாமல் மடிக்கும் முறையையும் அவரே கற்பித்தார்.

இரண்டு கிழமைகளிற் பறவைநாகம் வந்து சேர்ந்தது. செதிள்களும் கண்களும் அழகாய் இருந்தன. பற்களோ நெருங்கிக் கிட்டித்திருந்தன. மின்னை ஏற்றினோம், இருபது நிமிடத்திற் கணினி தானே அணைந்தது. மீண்டும் ஏற்றினோம், மீண்டும் அணைந்தது. கலைப் பட்டதாரியாகிய எனக்கு மின்னியல் தெரியாது; ஆனால் தொட்டுப் பார்க்கத் தெரியும். பெட்டியின் மேற்பலகை அடுப்படிச் சுவர்போற் சுட்டது.

காரணத்தை விஞ்ஞான ஆசிரியர் விளக்கினார். கணினி உண்ணும் மின்சக்தி ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படும். 200 உவாற்று வாங்கும் கணினி, 200 உவாற்றுச் சூட்டடுப்புக்குச் சமமாகும். அவ்வெப்பம் வெளியேறாவிடின் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். தகரம் வெப்பத்தை ஓரளவு வெளியே கடத்தும், பலகையோ கடத்தாது. எனவே மரக்கூட்டுக்குக் காற்றோட்டம் ஒன்றே கதி. 120 மில்லிமீற்றர் விசிறிக்கு ஏறத்தாழ 113 சதுர சென்ரிமீற்றர் வாயில் வேண்டும். எம் பறவைநாகத்தின் பற்களிடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளிதான் இருந்தது.

பையன் மனம் சோர்ந்தான். அடுத்த மாதம் கல்விச் சுற்றுலாவிலே கம்பளை வழியே எம்பக்கைத் தேவாலயத்துக்குச் சென்றோம். கதிர்காமக் கடவுளுக்கு உரிய அக்கோயில் 14ஆம் நூற்றாண்டினது. மரத்தூண் சிற்பங்களாற் புகழ் பெற்றது. அங்கே கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்களை ஒரே மரமுளை பிணைத்து நிற்கின்றது. அழகும் அதுவே, உறுதியும் அதுவே. அதன் கீழ் நின்று, அநுராதபுரத்து இரட்டைக் குளமாகிய குட்டம் பொக்குணையைப் பற்றி மாணாக்கர்க்குச் சொன்னேன். அங்கே குளத்துக்குள் நீர் வந்து விழும் வழி ஒரு மகரத்தின் வாய். யானைத் துதிக்கையும் சிங்கக் காலும் மீன் உடலும் கலந்த கற்பனை விலங்கு மகரம். பண்டைச் சிற்பி அவ்விலங்கைச் சுவரில் வீணே ஒட்டவில்லை. நீர் பாயும் இடத்திலே அதன் வாயை வைத்தான்.

“அப்படியானால் நான் பல்லைத்தான் முதலிற் செய்துவிட்டேன், சேர், மூச்சைச் செய்யவில்லை” என்றான் பையன். நேயர்களே, இவ்வுரையின் கருத்து முழுவதும் அச்சொல்லில் அடங்கும். முதலில் விலங்கின் மூச்சு. பிறகே அதன் முகம்.

இரண்டாம் முறை வேலை வேறு ஒழுங்கில் நடந்தது. முகப்பின் கீழ்ப்புறத்தில் விசிறியின் அளவுக்கு வட்டம் வெட்டினான், அதுவே வாய். சூடான காற்று மேலெழும் இயல்பினது ஆதலால், பின்புறத்தின் மேல்மூலையில் மற்றொரு விசிறி வைத்தான். அதனைச் சுற்றி வால் சுருண்டது. கதைகளில் தீயைக் கக்கும் பறவைநாகம், எம் பெட்டியிலே குளிர்காற்றை உண்டு வாலால் வெப்பத்தை விடுகின்றது. தலையைக் கம்பிச் சட்டத்தின்மேல் பழைய செய்தித்தாளும் கோதுமைமாப் பசையும் கொண்டு உருவாக்கி, நன்றாய் உலர்த்தி, இருமுறை வார்ணிசு பூசினான். தாள் எரியும் பொருள் ஆதலால் அதனில் ஒரு துண்டும் பெட்டிக்கு உள்ளே செல்லவில்லை. அறுத்தல், துளைத்தல் யாவும் முடித்துத் தூள் துடைத்த பின்னரே உறுப்புகள் ஏறின. ஓர் உலோகத் துணுக்குத் தாய்ப்பலகையில் விழுந்தாலும் அது கெடும். பலகையைக் கால் அங்குல உயரப் பித்தளைத் தாங்கிகளில் நிறுத்தினான். மின்வழங்கியை அதன் உலோக உறையோடே பொருத்தினான். அவ்வுறையை எவரும் திறக்கலாகாது. மின்னைத் துண்டித்த பின்னும் உள்ளே உயிர்க்கொல்லி மின்னேற்றம் தங்கியிருத்தல் கூடும்.

வானொலி நேயர்க்கு உரிய செய்தி ஒன்றும் உண்டு. முதற் பெட்டியில் உட்தாளைப் பையன் உரித்து எறிந்திருந்தான். அது இயங்கிய வேளையில் அடுத்த அறையின் வானொலி இரைந்தது. கணினி நுண்ணிய வானொலி அலைகளை எழுப்புகின்றது. தகரக்கூடு அவற்றைத் தடுக்கும், மரம் தடுக்காது. இரண்டாம் முறை உட்புறம் எங்கும் புதிய அலுமினியத் தாள் ஒட்டி, அதனைப் புவித்தொடுப்புள்ள மின்வழங்கியின் உறையோடு இணைத்தான். தாள் தாய்ப்பலகையைத் தொடாதவாறு காத்தான். வானொலியின் இரைச்சல் பெரிதும் அடங்கிற்று. பழைய பெட்டிகள் சிலவற்றின் தாள் ஈயமாக இருக்கக்கூடும்; அது நஞ்சு. பிள்ளைகள் அதனைக் கையாளலாகாது.

இப்போது அக்கணினி நாள் முழுதும் இயங்குகின்றது. கிழமைக்கு ஒருமுறை பறவைநாகத்தின் வாயிலுள்ள துணிவலையைக் கழுவுகின்றோம். அதைத் திறந்து காட்டும்போது பிள்ளைகள் முன்போல் அஞ்சி விலகுவதில்லை. எது எங்கே இருக்கின்றது என்று விரல் நீட்டிக் கேட்கின்றார்கள். பாட்டனார் ஒரு நாள் வந்து, தகர விளிம்பை விரலாற் தடவிப் பார்த்து, “மடிப்புச் சரி” என்று மட்டும் சொன்னார்.

பையன் கொழும்புக்குச் சென்றானா என்று நேயர்கள் கேட்பீர்கள். இன்னும் செல்லவில்லை. உயர்தரத்திலே தொழினுட்பத் துறைக்கு விண்ணப்பித்திருக்கின்றான். தோட்டத்துப் பிள்ளையின் கை கொழுந்து பறிப்பதற்கு மட்டுமே ஆனது என்று எண்ணுவோர் இன்றும் உளர். அவர்கள் இறம்பொடைக்கு வந்தால் எம் பறவைநாகத்தின் வாயருகே கையை வைத்துப் பார்க்கட்டும். அது மூச்சு விடுவதை உணர்வர்.